"எதுக்கும் இன்னும் கொஞ்சம் வேகம் இருக்கட்டும்!" - குட்டி விமானத்தைத் தரையிறக்கும்போது இந்த நினைப்பு ஏன் ஆபத்து?

ரோட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் ஒரு விதி தெரியும். சந்தேகமா இருந்தா வேகத்தைக் குறை. முன்னால் மாடு நிக்குதா, மழை பெய்யுதா, ரோடு பழக்கமில்லையா? ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடு, அவ்வளவுதான். பாதி ஆபத்து அங்கேயே முடிந்துவிடும்.

இந்த விதியை அப்படியே விமானத்துக்குள் கொண்டுபோனால், உயிருக்கே உலை வைத்துவிடும். காரை மெதுவாக ஓட்டினால் அது மெதுவாகப் போகும். விமானத்தை ஓர் அளவுக்கு மேல் மெதுவாக ஓட்டினால், அது பறப்பதையே நிறுத்திவிடும்.

"சரிப்பா, அப்போ கொஞ்சம் வேகமாவே வந்து இறங்கிட்டா பிரச்னை முடிஞ்சுதே?" என்று கேட்கிறீர்களா? புதிதாக விமானம் ஓட்டப் பழகும் பலருக்கும் முதலில் தோன்றும் யோசனை இதுதான். அதிலும் ஒரு வம்பு இருக்கிறது. வேகமாக வந்தால் விமானம் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். ஓடுபாதை தீர்ந்துபோகும்.

அப்படியென்றால் சரியான வேகம் எது? அதை யார் முடிவு செய்கிறார்கள்? பைலட் ஆகணும் என்ற ஆசை மனசுக்குள் இருக்கிறவர்கள், போனில் ஃப்ளைட் சிமுலேட்டர் ஆடுகிறவர்கள், லேண்டிங் வீடியோக்களை விடாமல் பார்க்கிறவர்கள் எல்லோரும் வாங்க. ஒரு குட்டி விமானத்தை எடுத்துக்கொண்டு பார்த்துவிடலாம்.

நம்ம ஹீரோ: செஸ்னா 172

உலகத்தில் அதிகம் தயாரிக்கப்பட்ட விமானம் என்ற பெருமை செஸ்னா 172-க்குத்தான். நான்கு பேர் உட்காரலாம், ஒரே இன்ஜின், மேலே இறக்கை, மூன்று சக்கரம். இந்தியாவில் உள்ள விமானப் பயிற்சிப் பள்ளிகள் உட்பட, உலகம் முழுக்க ஏராளமான பைலட்டுகள் இதில்தான் பறக்கப் பழகுகிறார்கள். இதில் '172எஸ்' என்ற மாடலை நாம் எடுத்துக்கொள்வோம். அதிகபட்ச எடை 2,550 பவுண்ட், அதாவது சுமார் 1,157 கிலோ.

விமானத்தில் வேகத்தை 'நாட்' கணக்கில் சொல்வார்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். இந்தக் கட்டுரை முழுக்க நாட் வரும் என்பதால், இதை மட்டும் மனசில் வெச்சுக்கோங்க.

ஒவ்வொரு விமானத்துக்கும் தயாரிப்பாளர் ஒரு கையேடு கொடுப்பார். 172எஸ் கையேட்டில், ஃப்ளாப் முழுவதும் இறக்கிய நிலையில் சாதாரணமாகத் தரையிறங்க வரும் வேகம் 60 முதல் 70 நாட் என்று இருக்கிறது. ஓடுபாதை சின்னதாக இருந்தால் குறிப்பாக 61 நாட். அதாவது மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர். நம்ம ஊர் நான்குவழிச் சாலையில் கார்கள் பறக்கிற வேகம்தான் இது!

ஃப்ளாப் என்பது என்ன? இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் தட்டு. விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால், இறங்கும் நேரத்தில் இறக்கை நீண்டு வளைவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான். குறைந்த வேகத்திலும் விமானத்தைத் தாங்கிப்பிடிக்கும் வேலை அதனுடையது.

சரி, அது என்ன 61? 60 இல்லை, 65 இல்லை, குறிப்பாக 61? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

'ஸ்டால்' என்றால் இன்ஜின் நிற்பதல்ல

சின்ன வயதில் பஸ் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்கியது ஞாபகம் இருக்கா? உள்ளங்கையை லேசாக மேல்நோக்கிச் சாய்த்தால் காற்று கையைத் தூக்கும். இன்னும் கொஞ்சம் சாய்த்தால் இன்னும் தூக்கும். ரொம்பச் சாய்த்தால்? தூக்குவது போய், கை பின்னால் தள்ளப்படும்.

இறக்கையும் அப்படித்தான். காற்றை அது சந்திக்கும் கோணம் கூடக்கூடத் தூக்குவிசை கூடும். பெரும்பாலான குட்டி விமானங்களில் சுமார் 15 டிகிரியைத் தாண்டும்போது, இறக்கையின் மேல்பரப்பை ஒட்டி வழுக்கிக்கொண்டு போன காற்று பிய்த்துக்கொண்டு சிதறிவிடும். தூக்குவிசை சட்டென்று சரியும். இதற்குப் பெயர்தான் ஸ்டால். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கலாம்.

வேகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வேகம் குறையக் குறைய, அதே எடையைத் தாங்க இறக்கை இன்னும் அதிகக் கோணத்தில் காற்றைச் சந்திக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அந்தக் கோணம் எல்லையைத் தொட்டுவிடும். அந்த வேகம்தான் ஸ்டால் வேகம். 172எஸ் முழு எடையில் இருக்கும்போது, ஃப்ளாப் இல்லாமல் வேகமானி 48 நாட் காட்டும்போது ஸ்டால் ஆகும். ஃப்ளாப் முழுவதும் இறக்கியிருந்தால் 40 நாட் வரை தாங்கும்.

உயரத்தில் ஸ்டால் ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. மூக்கைக் கீழே இறக்கினால் கோணம் குறையும், வேகம் கூடும், இறக்கை மறுபடி வேலை செய்யும். பயிற்சியில் வேண்டுமென்றே ஸ்டால் ஆக்கி மீளக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனா அதற்குச் சில நூறு அடி உயரம் செலவாகும். தரையிறங்க வரும் விமானத்திடம் அந்த உயரம் இருக்காது. அதனால்தான் இந்த நேரத்தில் வேகம் உயிர் சமாச்சாரம் ஆகிறது.

1.3 என்ற மந்திர எண்

ஸ்டால் வேகத்திலேயே வந்து இறங்க முடியாது. அதேசமயம் ரொம்ப தள்ளியும் இருக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவே விமான உலகம் கண்டுபிடித்த சமரசம்தான் 1.3. தரையிறங்கும் நிலையில் உள்ள ஸ்டால் வேகத்தை 1.3 ஆல் பெருக்கு, வருவதுதான் உன் வேகம். கையேட்டில் தனியாக எதுவும் சொல்லவில்லை என்றால் இந்தக் கணக்கைப் பின்பற்றச் சொல்கிறது, அமெரிக்க விமானத் துறையின் பயிற்சி நூல்.

இப்போ போனில் கால்குலேட்டரைத் திறங்க. 40 பெருக்கல் 1.3. எவ்வளவு? 52. கையேடு சொன்னதோ 61. இடையில் 9 நாட் இடிக்குதே!

இது கையேட்டின் தவறல்ல. மெதுவாகப் பறக்கும்போது விமானத்தின் மூக்கு தூக்கியிருக்கும். காற்றை அளக்கும் குழாய்க்குள் காற்று நேராக நுழையாது. அதனால் வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். வேகமானி 40 காட்டும்போது, பிழையைத் திருத்திப் பார்த்தால் உண்மையில் அது சுமார் 48 நாட். 48-ஐ 1.3 ஆல் பெருக்கினால் 62 சொச்சம். அந்த வேகத்தில் வேகமானியின் பிழை மிகக் குறைவு என்பதால் முள் 61-க்குப் பக்கத்தில் நிற்கும். கணக்கு சரியா வந்துடுச்சா?

வேகமானியின் அடி எண்ணை எடுத்து மனக்கணக்காக 1.3 ஆல் பெருக்கி, 52-ல் பறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 30 சதவிகிதம் என்று நம்பிய பாதுகாப்பு, உண்மையில் வெகுவாகக் குறைந்துபோயிருக்கும். அதனால்தான் 'முதலில் கையேடு, பிறகுதான் கணக்கு' என்கிறார்கள்.

எடை குறைந்தால் வேகமும் குறையணும்

61 என்பது முழு எடைக்கான எண். நான்கு பேர், டேங்க் நிறைய பெட்ரோல் என்று எப்போதும் பறப்பதில்லையே. பயிற்சி விமானத்தில் பெரும்பாலும் மாணவரும் பயிற்றுநரும் மட்டும்தான். எரிபொருளும் பாதி தீர்ந்திருக்கும். எடை சுமார் 925 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முழு எடையில் 80 சதவிகிதம்.

எடை குறைந்தால் ஸ்டால் வேகமும் குறையும். ஆனால், எடை குறைந்த அதே விகிதத்தில் இல்லை, அதன் வர்க்கமூல விகிதத்தில். ஸ்கூல் கணக்கு பயமுறுத்துதா? சுலப வழி: எடை 10 சதவிகிதம் குறைந்தால் வேகம் 5 சதவிகிதம் குறையும். நம்ம 20 சதவிகிதத்துக்கு வேகம் 10 சதவிகிதத்துக்குச் சற்று மேல் குறையணும். 61 என்பது தோராயமாக 55 ஆகிவிடும்.

அதாவது, 61-ல் வந்துகொண்டிருக்கும் அந்த மாணவர் "நான் கையேட்டில் உள்ளபடி சரியான வேகத்தில் வர்றேன்" என்று நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் அவர் ஏற்கெனவே 6 நாட் அதிக வேகத்தில் இருக்கிறார். நீளமான ஓடுபாதையில் இது பெரிய விஷயமில்லை. பல பள்ளிகள் குழப்பம் வேண்டாம் என்று ஒரே எண்ணைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன. ஆனால், இதன்மேல் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று இன்னும் கூட்டும்போதுதான் வினை ஆரம்பிக்கிறது.

அந்த 'எதுக்கும் இருக்கட்டும்' எவ்வளவு செலவு வைக்கும்?

மனைவிக்காக 5 நாட், குழந்தைக்காக 5 நாட் என்று கூட்டிக்கொண்டே போகிறவர்களைப் பற்றி விமானிகள் வட்டாரத்தில் ஒரு பழைய கிண்டல் உண்டு. பாசம் புரிகிறது. ஆனா இயற்பியலுக்குப் பாசம் புரியாது.

விமானம் நிற்க வேண்டுமென்றால் அதன் இயக்க ஆற்றல் முழுவதும் கரையணும். அந்த ஆற்றல், வேகத்தின் வர்க்கத்தில் கூடும். வேகம் 10 சதவிகிதம் கூடினால் ஆற்றல் 21 சதவிகிதம் கூடும். 61-க்குப் பதில் 70 நாட்டில் வந்தால், கரைக்க வேண்டிய ஆற்றல் 32 சதவிகிதம் அதிகம். மேலே சொன்ன எடை குறைந்த விமானத்தை 66-ல் கொண்டுவந்தால், அதற்குத் தேவையானதைப்போல கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. வெறும் 5 நாட்தானே கூட்டினோம் என்று நினைத்திருப்போம்!

இது பிரேக் போட்டு நிறுத்தும் கதை மட்டுமல்ல. அதற்கு முன்பே இன்னொரு கதை இருக்கிறது, மிதப்பது. தரைக்கு மிக அருகில் வரும்போது இறக்கைக்குக் காற்றின் இழுவை குறையும். கூடுதல் வேகத்தோடு வந்த விமானம் அங்கே இறங்காமல் ஓடுபாதைக்கு இரண்டடி மேலே மிதந்துகொண்டே போகும். 70 நாட் என்றால் விநாடிக்கு 36 மீட்டர். வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், ஐந்து விநாடி மிதந்தால் 150 மீட்டருக்கு மேல் காலி.

172எஸ் சரியான வேகத்தில் வந்தால், கடல் மட்டத்தில், காற்றில்லாத நாளில், தரையைத் தொட்டபின் ஓடி நிற்க கையேடு சொல்லும் தூரம் 575 அடி, அதாவது சுமார் 175 மீட்டர். நிற்கத் தேவையான தூரத்தில் பெரும்பங்கை, சக்கரம் தரையில் படும் முன்பே செலவழித்துவிட்டோம்!

இந்த நேரத்தில் பொறுமை இழந்து, "இறங்கு, இறங்கு" என்று விமானத்தைத் தரையில் அழுத்தினால் இன்னும் மோசம். பின்சக்கரங்கள் தொடுவதற்கு முன் மூக்குச் சக்கரம் தொடும். விமானம் பந்துபோல் எகிறும். மறுபடி அழுத்தினால் மறுபடி, இன்னும் பலமாக எகிறும். இரண்டு மூன்று குதியலில் மூக்குச் சக்கரம் உடைந்து, ப்ரொப்பெல்லர் தரையில் மோதும். இப்படித் தொடங்குகிற விபத்துகளுக்கு வேர், அரை நிமிடத்துக்கு முன் கூட்டிக்கொண்ட அந்தச் சில நாட்களில் இருக்கிறது.

காரணத்தோடு கூட்டலாம்: காற்று வீச்சு

அப்போ வேகத்தைக் கூட்டவே கூடாதா? கூட்டலாம். ஆனால் காரணம் இருக்கணும், அளவும் இருக்கணும்.

காற்று 12 நாட்டில் வீசுகிறது, நடுநடுவே 20 நாட் வரை எகிறுகிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்காற்று 20-லிருந்து சட்டென்று 12 ஆகும்போது, விமானத்தின் வேகமும் ஒரு நொடி 8 நாட் குறைந்துவிடும். நமக்கு ஸ்டாலிலிருந்து இருக்கும் இடைவெளியே சுமார் 14 நாட்தான். அதில் பாதிக்கு மேல் ஒரே மூச்சில் போச்சு.

இதற்கு விமானிகள் பயன்படுத்தும் எளிய விதி: வீச்சு வித்தியாசத்தில் பாதியைக் கூட்டு. வித்தியாசம் 8, அதில் பாதி 4. ஆக 61-உடன் 4, மொத்தம் 65. அவ்வளவுதான். காற்று சீராக 20 நாட்டில் வீசினால் இந்த விதிப்படி கூட்ட வேண்டியது பூஜ்யம். பயமுறுத்துவது காற்றின் பலம் அல்ல, அதன் ஏற்ற இறக்கம்.

கண்ணை நம்பினால் மோசம்: காற்றும் உயரமும்

இறக்கைக்குத் தெரிந்தது காற்று மட்டும்தான். தரை எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பது அதற்குத் தெரியாது. நமக்குத் தெரிவதோ தரை மட்டும். இங்கேதான் கண் ஏமாற்றும்.

வேகமானி 61 காட்டுகிறது. எதிர்காற்று 15 நாட் என்றால் தரைமேல் 46 நாட்டில்தான் நகர்வோம். பின்காற்று 10 நாட் என்றால் 71 நாட்டில் பாய்வோம். ஜன்னல் வழியே பார்த்தால் மரங்கள் சீறிக்கொண்டு போகும். "ஐயோ, ரொம்ப வேகமா போறோமே" என்று கை தானாகவே மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்கும். வேகமானியைப் பார்க்காமல் இப்படிக் குறைத்துக்கொண்டே போய் ஸ்டாலில் முடிந்தால், அது கண்ணை நம்பியதற்கான விலை.

பின்காற்றில் இறங்குவதே நல்லதல்ல. எதிர்காற்று ஒவ்வொரு 9 நாட்டுக்கும் தரையிறங்கும் தூரம் 10 சதவிகிதம் குறையும் என்கிறது 172 கையேடு. பின்காற்றுக்கோ ஒவ்வொரு 2 நாட்டுக்கும் 10 சதவிகிதம் கூடும்! லாபம் மெல்ல வரும், நஷ்டம் பாய்ந்து வரும்.

உயரமும் இதே மாதிரி விளையாடும். பெங்களூரு ஜக்கூரில் கர்நாடக அரசின் விமானப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. அந்த ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே காற்றின் அடர்த்தி குறைவு. வேகமானி அதே 61-ஐக் காட்டினாலும், உண்மை வேகம் ஆயிரம் அடிக்குச் சுமார் 2 சதவிகிதம் வீதம் 6 சதவிகிதம் கூடுதலாக இருக்கும். வெயில் நாளில் இன்னும் கூடும். கடற்கரை ஊரில் பழகியவருக்கு அங்கே எல்லாமே வேகமாகத் தெரியும். செய்ய வேண்டியது என்ன? வேகமானியில் அதே 61. மாற்ற வேண்டியது எண்ணை அல்ல, எவ்வளவு ஓடுபாதை தேவை என்ற கணக்கை.

திரும்பும்போது பாதுகாப்பு கரையும்

குட்டி விமானங்கள் ஓடுபாதையைச் சுற்றி ஒரு செவ்வகம்போல் பறந்து வந்து, கடைசித் திருப்பத்தில் ஓடுபாதைக்கு நேராக வரும். அந்தக் கடைசித் திருப்பம் பல உயிர்களைக் குடித்த இடம்.

விமானம் சாய்ந்து திரும்பும்போது, இறக்கை எடையைத் தாங்குவதோடு விமானத்தைத் திருப்பவும் வேண்டும். சுமை கூடும், ஸ்டால் வேகமும் கூடும். 30 டிகிரி சாய்வில் 7 சதவிகிதம். 45 டிகிரியில் 19 சதவிகிதம். 60 டிகிரியில் 41 சதவிகிதம். நம்மிடம் இருந்த கையிருப்பே 30 சதவிகிதம்தானே? 60 டிகிரியில் அது மைனஸுக்குப் போய்விடும்.

பின்காற்று தள்ளி, ஓடுபாதையின் நேர்க்கோட்டைத் தாண்டிப்போய்விட்டோம் என்று வையுங்கள். "எப்படியாவது இழுத்துத் திருப்பிடலாம்" என்று தோன்றும். சாய்வைக் கூட்டி, மூக்கையும் இழுத்து, காலால் ரடரையும் அழுத்தினால் ஓர் இறக்கை முன்னதாக ஸ்டால் ஆகி விமானம் சுழன்று விழும். தரையோ சில நூறு அடி கீழே. மீள நேரமே இருக்காது. பல பயிற்றுநர்கள் இந்தத் திருப்பத்தில் 30 டிகிரிக்கு மேல் சாயவே கூடாது என்று கறாராகச் சொல்வது இதனால்தான். போதவில்லையா? விட்டுவிட்டு மறுபடி சுற்றி வா.

ஹூஸ்டன் சொன்ன பாடம்

2016 ஜூன் 9. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ஹாபி விமான நிலையம். பெரிய ஜெட்கள் வரிசையாக வந்து இறங்கும் பரபரப்பான இடம். அங்கே மூன்று பேருடன் ஒரு சிரஸ் எஸ்.ஆர்.20 விமானம் தரையிறங்க வந்தது. நம்ம செஸ்னாபோலவே ஒற்றை இன்ஜின் குட்டி விமானம்.

அதன் பின்னால் ஒரு போயிங் 737 வந்துகொண்டிருந்தது. அதனால் வேகத்தைக் குறைக்காமல் வரும்படி கட்டுப்பாட்டு அறை கேட்டது. பிறகு ஒதுங்கிச் சுற்றி வரச் சொன்னது. ஓடுபாதை மாறியது, அறிவுரைகள் மாறின, ஒன்றுக்கு மேற்பட்ட முறை தரையிறங்கும் முயற்சி கைவிடப்பட்டது. கடைசி முயற்சியிலும் உயரம் அதிகமாக இருந்ததால் மறுபடி மேலே எழும்ப வேண்டிய நிலை. அப்போது பாதுகாப்பான வேகம் வருவதற்கு முன்பே ஃப்ளாப் மேலே ஏற்றப்பட்டது. விமானம் ஸ்டால் ஆகிச் சுழன்று விழுந்தது. மூவருமே பிழைக்கவில்லை.

ஃப்ளாப்தான் குறைந்த வேகத்தில் தாங்குகிறது என்று மேலே பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? அதைச் சீக்கிரமாக எடுத்தால் ஸ்டால் வேகம் சட்டென்று மேலே ஏறி, பறந்துகொண்டிருக்கும் வேகத்தையே பிடித்துவிடும். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் இதையே விபத்துக்கான காரணமாகச் சொன்னது. கூடவே கட்டுப்பாட்டு அறையின் முடிவுகளும், சிக்கலான அறிவுரைகளும் இதற்குத் துணைபோயின என்றது.

இதிலிருந்து நமக்குக் கிடைப்பது, அந்த விமானியைக் குறைசொல்லும் உரிமை அல்ல. வெளியே எவ்வளவு அழுத்தம் இருந்தாலும், இந்த நிமிடம் இந்த விமானத்துக்கு எந்த வேகம் என்று முடிவு செய்யும் பொறுப்பு விமானியிடம்தான் இருக்கிறது. "என்னால் முடியாது" என்று ரேடியோவில் சொல்ல விமானிக்கு முழு உரிமை உண்டு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவும் பயிற்சி தேவை.

அந்த எண்ணைப் பிடித்து வைப்பது எப்படி?

எண் தெரிந்தால் போதாது, அதில் நிற்கவும் வேண்டும். இங்கே புதியவர்கள் அடிக்கடி மாட்டும் இடம் ஒன்று உண்டு. ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்துவிடுவோம்போல, விமானம் தாழ்வாக இருக்கிறது. மனசு சொல்லும், "மூக்கைத் தூக்கு, மேலே போகும்." தூக்கினால் வேகம் குறையும். குறைந்த வேகத்தில் இழுவை கூடி, விமானம் இன்னும் வேகமாகத் தாழும். இன்னும் தூக்கினால் ஸ்டால்.

பயிற்சியில் இதற்கு எளிய பழக்கம் சொல்லித்தருவார்கள். வேகத்தை மூக்கால் கட்டுப்படுத்து, இறங்கும் வீதத்தை இன்ஜினால் கட்டுப்படுத்து. தாழ்ந்தால் த்ராட்டிலைக் கூட்டு. வேகம் கூடினால் மூக்கை லேசாகத் தூக்கு. பிறகு ட்ரிம் சக்கரத்தைச் சரிசெய்து விட்டால், கையை எடுத்தாலும் விமானம் அதே வேகத்தில் வரும்.

கடைசியில், ஓடுபாதைக்கு மேல் மூக்கை மெல்லத் தூக்கி வேகத்தை விடும்போது, செஸ்னாவில் 'பீ...' என்று ஓர் ஒலி வரும். ஸ்டாலுக்குச் சில நாட் முன்னதாக எச்சரிக்கும் ஹாரன் அது. உயரத்தில் அது அபாயச் சங்கு. சக்கரம் தரையைத் தொடும் நொடியில் கேட்டால், கூடுதல் வேகம் எதுவும் மிச்சமில்லாமல் இறங்குகிறோம் என்று அர்த்தம்.

மறுபடி சுற்றி வருவது தோல்வி அல்ல

இவ்வளவு கணக்கும் போட்டு, காற்று மாறியதால் வேகம் கைக்குள் நிற்கவில்லை என்றால்? அதற்குத்தான் 'கோ-அரவுண்ட்'. முழு த்ராட்டில் கொடுத்து, மேலே ஏறி, இன்னொரு சுற்று வந்து இறங்குவது. ஃப்ளாப்பை ஒரே மூச்சில் இல்லாமல், வேகம் வர வர, படிப்படியாக ஏற்றணும் என்பது இதன் முக்கிய விதி.

பல பள்ளிகளில் 500 அடி உயரத்தை ஒரு வாசல்போல வைத்திருக்கிறார்கள். அங்கே வரும்போது வேகம், பாதை, ஃப்ளாப் எல்லாம் சரியாக இருக்கணும். இல்லையென்றால் விவாதமே இல்லை, கோ-அரவுண்ட். தரைக்கு இரண்டடி மேலே மிதந்துகொண்டிருக்கும்போதும், ஒருமுறை எகிறிய பிறகும்கூட இந்த வழி திறந்தேதான் இருக்கும். ஆனால் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே, இறங்கிடலாம்" என்ற நினைப்பு அந்த வழியை மறைத்துவிடும்.

பயிற்சியில் சேரப் போறீங்களா? இதை மட்டும் பழகுங்க

* தரையிறங்கத் தொடங்கும் முன்பே இன்றைய எண்ணை முடிவு செய்து, வாய்விட்டுச் சொல்லுங்கள். "இன்னிக்கு 61, வீச்சுக்காக 4, மொத்தம் 65."

* உங்கள் விமானத்தின் கையேட்டைப் பாருங்கள். ஒரே பெயருள்ள விமானத்திலும் மாடலுக்கு மாடல் எண் மாறும். இந்தக் கட்டுரையின் எண்கள் 172எஸ்-க்கு மட்டும்தான்.

* கூட்டிய ஒவ்வொரு நாட்டுக்கும் காரணம் சொல்ல முடிகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். "பயமா இருக்கு" என்பது காரணம் அல்ல. பயிற்றுநரிடம் பேச வேண்டிய விஷயம்.

* கடைசித் திருப்பத்திலும் அதற்குப் பிறகும் கண் ஓடுபாதைக்கும் வேகமானிக்கும் மாறி மாறிப் போய்வரட்டும்.

* எண் பிடிபடவில்லையா? மறுபடி சுற்றி வாருங்கள்.

இந்தியாவில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை தரையிறங்குவீர்கள். ஒவ்வொரு முறையும் எடை வேறு, காற்று வேறு, வெயில் வேறு. அதனால் ஒவ்வொரு முறையும் கணக்கைப் புதிதாகப் போடணும். பைலட் ஆகும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு. அடுத்த முறை நீங்கள் போகும் விமானம் ஓடுபாதை வரை வந்துவிட்டு, சட்டென்று இரைச்சலோடு மேலே ஏறினால் பதறாதீர்கள். ஏதோ ஒன்று சரியாக அமையவில்லை, அதனால் விமானி இன்னொரு சுற்று கேட்டிருக்கிறார். பத்து நிமிடம் தாமதமாகும், அவ்வளவுதான். வீட்டில் காத்திருப்பவர்களுக்கு ஒரு மெசேஜ் போட்டுக்கொள்ளலாம்... இறங்கினதுக்கு அப்புறம்!